தாத்தா சைக்கிள் உண்மையிலேயே இங்கிலாந்து சைக்கிளா? கண்டுபிடிப்பது எப்படி?

ஊரில் பழைய வீட்டைக் காலி செய்யும்போது ஒரு கறுப்பு சைக்கிள் வெளியே வருகிறது. கம்பி பிரேக், தோல் சீட், முழு செயின் கவர். "வெள்ளைக்காரன் காலத்துல வாங்கினதுடா, இங்கிலாந்து வண்டி" என்கிறார் பெரியப்பா. நீங்கள் அதை பெங்களூருக்குக் கொண்டுவந்து, இப்போது நல்ல பவுடர் கோட்டிங் கடை தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அல்லது, சிக்பேட்டை பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய சாமான் சந்தையில் அதே மாதிரி ஒரு வண்டியின் முன் நிற்கிறீர்கள். "ஒரிஜினல் ராலே சார், 1935 மாடல்" என்று விலை சொல்கிறார்கள்.

ரெண்டு பேருக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். கொஞ்சம் பொறுங்க. சந்தைக்காரர் பணம் எண்ணுவதற்கு முன், வீட்டுக்காரர் உப்புத்தாள் வைப்பதற்கு முன். ஒரு சைக்கிளை யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்பதற்கான சாட்சி பெரும்பாலும் அந்த அழுக்கிலும் பழைய பெயின்ட்டிலும்தான் இருக்கிறது. தேய்த்துவிட்டால் போச்சு, திரும்ப வராது.

ஒரே பெயர், ரெண்டு தொழிற்சாலை

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ராலே, ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, ஹம்பர், ரட்ஜ், பிலிப்ஸ் எல்லாமே இங்கிலாந்துப் பெயர்கள்தான். ராலே 1887-ல் நாட்டிங்காமில் தொடங்கியது. ஹெர்குலிஸ் 1910-ல் பர்மிங்காமில். பிஎஸ்ஏ என்பதன் விரிவே 'பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்'. 1861-ல் துப்பாக்கி செய்ய ஆரம்பித்த கம்பெனி அது. சுதந்திரத்துக்கு முன் நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய சைக்கிள்களில் பெரும்பாலானவை அந்த ஊர்களிலிருந்து கப்பலில் வந்தவை.

ஆனால் அந்தப் பெயர்கள் இந்தியாவுக்கும் குடிவந்தன. முருகப்பா குடும்பமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கி, சென்னை அம்பத்தூரில் தொழிற்சாலை போட்டன. அங்கிருந்து வந்த முதல் சைக்கிளின் பெயர் ஹெர்குலிஸ். இங்கிலாந்து ஹெர்குலிஸை டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் 1946-லேயே வாங்கிவிட்டதால் பெயருக்குப் பஞ்சமில்லை. பிலிப்ஸும் பிஎஸ்ஏவும் பின்னாலேயே வந்தன. மேற்கு வங்கத்தில் சென்-ராலே, அசன்சோலில் 1952 முதல் ராலே செய்தது. 1980-ல் அது அரசுடைமை ஆகி 'சைக்கிள் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா' ஆனது.

ஆகவே 'ராலே' என்று எழுதியிருப்பதால் நாட்டிங்காம் என்று ஆகிவிடாது. உள்ளூர் உற்பத்தி வளர வளர இறக்குமதிக் கட்டுப்பாடும் இறுகியது. தாத்தா அதை 1950-களின் பிற்பகுதியிலோ அதற்குப் பிறகோ இங்கேயே கடையில் புதிதாக வாங்கியிருந்தால், அம்பத்தூர் அல்லது அசன்சோல் என்றே முதலில் சந்தேகப்படுங்கள். விதிவிலக்கு உண்டு: பினாங்கிலிருந்தோ கொழும்பிலிருந்தோ திரும்பியவர்கள் மூட்டை முடிச்சோடு கொண்டுவந்த வண்டி. அதனால் பெரியப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்வி "எப்ப வாங்கினது?" மட்டுமல்ல, "எங்க வாங்கினது?" என்பதும்தான்.

அம்பத்தூர் என்றால் ஏமாற்றம் அடையத் தேவையில்லை. இங்கிலாந்தில் லட்சக்கணக்கில் செய்து குவித்த வண்டியைவிட, 1950-களின் ஆரம்பத்து அம்பத்தூர் ஹெர்குலிஸ் ஒன்று முழுசாகக் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

எதை நம்பக் கூடாது?

கம்பி பிரேக்கை வைத்து வயது சொல்ல முடியாது. நம் கறுப்பு சைக்கிள்களில் அது மிக அண்மைக்காலம் வரை வந்தது. 28 × 1½ டயரும் அப்படியே. இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது. தோல் சீட்டில் 'புரூக்ஸ், இங்கிலாந்து' என்று இருந்தால் சீட் இங்கிலாந்து, அவ்வளவுதான். ஒரே ஒரு நட்டைத் தளர்த்தினால் மாற்றிவிடக்கூடிய சாமான் அது. ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எந்தப் பாகத்திலாவது ஐஎஸ்ஐ முத்திரை கண்ணில் பட்டால், அந்தப் பாகமாவது நம்மூர் சரக்கு.

முன்னால் ஹேண்டில் பாருக்குக் கீழே, குழாயில் அறைந்திருக்கும் பித்தளை வில்லை முக்கியம். அதில் பெயரைப் படித்துவிட்டு நிறுத்தாமல் அடி வரியைப் படியுங்கள். ஊர்ப் பெயரோ நாட்டின் பெயரோ பெரும்பாலும் அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும். வில்லையைச் சுற்றி வேறு பழைய ஓட்டைகள், அடைத்த தடங்கள் தெரிந்தால் அது வேறு வண்டியிலிருந்து வந்த வில்லையாக இருக்கலாம்.

செயின் வீலைப் பாருங்க

எனக்குப் பிடித்த சாட்சி இதுதான். பழைய இங்கிலாந்துக் கம்பெனிகள் செயின் வீலிலேயே தங்கள் அடையாளத்தை வெட்டி வைத்தன. ராலேயில் நாரையின் தலை. ரட்ஜில் விரித்த உள்ளங்கை. ஹம்பரில் ஐந்து மனித உருவங்கள், வட்டமாக ஓடுவதுபோல. பிஎஸ்ஏவில் அந்த மூன்று எழுத்துகளே வடிவமாக இருக்கும். வில்லையிலோ சாய்த்து அடுக்கிய மூன்று துப்பாக்கிகள். பெயின்ட் முழுக்க உரிந்துபோய், வில்லையும் தொலைந்த வண்டியில்கூட இது மிஞ்சும், ஏனென்றால் செயின் வீலைக் கழற்ற காட்டர் பின்னோடு மல்லுக்கட்ட வேண்டும். ஓவராயிலிங்கில் மாற்றியிருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் சீட் மாதிரி சுலபமாக மாறுவதில்லை.

அடுத்து போர்க். ஹம்பரின் உயர்ந்த மாடல்களில் ஒவ்வொரு பக்கமும் ஒரு குழாய்க்குப் பதில் இரண்டு மெல்லிய குழாய்கள் இறங்கும். தூரத்திலிருந்தே தெரியும். அதைப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை.

வண்டியைப் பிரிக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு சோதனை செய்யலாம். பெடல் கிராங்க் சுழலும் கப்பின் மரையை மெக்கானிக்கிடம் எண்ணச் சொல்லுங்கள். ராலே தன் தொழிற்சாலையில் அங்குலத்துக்கு 26 மரை போட்டது. மற்ற இங்கிலாந்துக் கம்பெனிகள் பொதுவாக 24. இந்த 24 மரைக் கணக்கு பிஎஸ்ஏ வகுத்தது; உங்கள் புது ரோடு பைக்கின் விவரப் பட்டியலில் 'பிஎஸ்ஏ பாட்டம் பிராக்கெட்' என்று போட்டிருந்தால் அதே துப்பாக்கிக் கம்பெனியின் பெயர்தான். ராலே ஹம்பரை 1932-லும், ரட்ஜை 1943-லும் வாங்கியது. ரட்ஜ் என்று பெயர் போட்ட வண்டியில் 26 மரை வந்தால், அது 1943-க்குப் பிந்தையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வருஷம் எங்கே எழுதியிருக்கும்?

பின் சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஹப்பின் உடலில் 'ஏடபிள்யூ' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் எண்கள் குத்தியிருக்கும். '52 5' என்றால் 1952 மே மாதம். போருக்கு முந்தைய ஹப்பில் ஒற்றை இலக்கம்தான். 'ஏடபிள்யூ 8' என்றால் 1938. மண்ணெண்ணெய் தொட்ட பழைய டூத் பிரஷ் போதும், எண்கள் வெளியே வரும். முன் சக்கரத்துக்குள்ளேயே மின்சாரம் தயாரிக்கும் டைனோஹப் இருந்தால் அதன் உடலிலும் இதே மாதிரி தேதியைத் தேடுங்கள். கியர் இல்லாத சாதாரண வண்டிக்கு இந்த வசதி இல்லை, நம் ஊரில் அதுதான் அதிகம்.

பிரேம் நம்பர்? பெரும்பாலும் சீட்டுக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தில், சில கம்பெனிகளில் பெடலுக்கு அடியில் குத்தியிருக்கும். குறித்து வையுங்கள். ஆனால் இணையத்தில் கிடைக்கும் ராலே நம்பர் அட்டவணையில் போட்டுப் பார்த்து உடனே முடிவுக்கு வராதீர்கள். அவற்றில் பல 1970-களின் வண்டிகளுக்கானவை. இங்கிலாந்தில் 1955-ல் தொடங்கிய வெட்டரன் சைக்கிள் கிளப்பில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். நம்பரும் தெளிவான படங்களும் அனுப்பிக் கேட்பது நல்லது.

இன்னொரு சாட்சியை நம் ஆட்கள் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்: சைக்கிள் லைசென்ஸ் வில்லை. நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் வருஷா வருஷம் வரி வாங்கிக்கொண்டு கொடுத்த சின்னத் தகடு. ஊர்ப் பெயரும் ஆண்டும் அதில் இருக்கும். பெங்களூரில் பேட்டைப் பக்கமும் தண்டுப் பக்கமும் 1949 வரை தனித்தனி நகராட்சிகள். தண்டு நகராட்சியின் பெயரில் ஒரு வில்லை கிடைத்தால் அந்த வண்டி 1949-க்கு முன்பே ஓடியது என்று அர்த்தம்.

ரெண்டு பக்கமும் வேலி போடுங்கள்

டேட்டா வேலையில் பழகிய புத்தி, எனக்கு இதை இப்படித்தான் பார்க்க வருகிறது. பாகத்தில் குத்திய தேதி 'இதற்கு முன் இல்லை' என்று சொல்கிறது. 1952 ஹப்போடு கடையிலிருந்து வெளியே வந்த வண்டி 1948-ல் இருந்திருக்க முடியாது. லைசென்ஸ் வில்லையோ, ரசீதோ, தாத்தா சைக்கிளோடு நிற்கும் கல்யாண போட்டோவோ 'இதற்குப் பின் இல்லை' என்று சொல்கிறது. இரண்டு வேலிக்கும் இடையில்தான் உண்மையான வருஷம். ஒரே ஒரு பாகத்தின் தேதியை வைத்து முடிவு கட்டாதீர்கள், சக்கரம் மாறியிருக்கலாம். சம்பந்தமில்லாத இரண்டு பாகங்கள் சில மாத இடைவெளியில் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். இதே ஊரில் ஒரு குஜிரிக் கடையில் '1938 இங்கிலாந்து ராலே' என்று வாங்கிய வண்டி. நாரைத் தலை செயின் வீல் சரியாக இருந்தது. ஹப்பைத் துடைத்தால் '53 11'. முன் டைனோஹப்பில் '53 10'. சரி, 15 வருஷம் போச்சு, இங்கிலாந்தாவது மிச்சம் என்று நினைத்தேன். வில்லை மேல் மூன்று தடவை பெயின்ட் அடித்திருந்தார்கள். பஞ்சில் தின்னர் தொட்டு, வில்லையை மட்டும் ஒரு சாயங்காலம் முழுக்கத் துடைத்தேன். அடி வரியில் 'இந்தியா' என்று வந்தது. இங்கிலாந்து ஹப், இந்திய வண்டி. 1953-ல் அசன்சோல் ஓடத் தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது என்பது புரிந்த பிறகு வருத்தம் போய்விட்டது. விலை விஷயத்தில் மட்டும் இன்னும் போகவில்லை.

பெயின்ட் அடித்தே ஆக வேண்டுமா?

துரு ஓட்டை போட்டிருந்தால் ஒழிய, அவசியமில்லை என்பேன். மிதமான சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, பிறகு கார் வாக்ஸ். பாதிக்குப் பாதி வண்டிகளில் கறுப்புக்கு அடியிலிருந்து தங்கக் கோடும் எழுத்தும் மேலே வரும். தின்னர் அந்த எழுத்துகளையும் சேர்த்து அழிக்கும். வில்லையைத் தவிர வேறெங்கும் வேண்டாம். அசல் நிறம் என்னவென்று தெரிய, போர்க்கைக் கழற்றும்போது விளக்கு மாட்டும் தகட்டுக்குப் பின்னாலும் செயின் கவரின் உள்பக்கமும் பாருங்கள். மறுபெயின்ட் அடிப்பவர்கள் அங்கெல்லாம் கை வைப்பதில்லை.

அப்படியும் கடைக்கு அனுப்புகிறீர்கள் என்றால், அதற்கு முன் வில்லை, செயின் வீல், ஹப், பிரேம் நம்பர், மிஞ்சியிருக்கும் எழுத்துகள் எல்லாவற்றையும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரேம் நம்பரின் மேல் கனமாகப் பூசாதீர்கள் என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பவுடர் கோட்டிங் அந்தக் குழிகளை நிரப்பிவிடும். கழற்றும் ஒவ்வொரு சாமானையும், தேய்ந்துபோன காட்டர் பின் உட்பட, ஒரு கவரில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "பழசுதானே சார், தூக்கிப் போட்டுட்டேன்" என்பார்கள். முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.