பேஸுக்குச் செய்த பெட்டி கிடாருக்குப் போன கதை

எலெக்ட்ரிக் கிடார் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கும் பலர், கையில் இருக்கும் பணத்தில் முக்கால்வாசியைக் கிடாருக்கே கொட்டிவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் காசில் ஏதோ ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. பேஸ் கிடார் வாங்குபவர்கள் இன்னும் ஒரு படி மேலே. "நண்பனிடம் கிடார் ஆம்ப் இருக்கிறது, அதிலேயே செருகிக்கொள்கிறேன், எல்லாம் ஒரே ஒயர்தானே?" என்கிறார்கள்.

ஒயர் ஒன்றுதான். செருகும் துளையும் ஒன்றுதான். ஆனால் விளைவு ஒன்றல்ல. கிடாரை பேஸ் ஆம்ப்பில் செருகினால் சத்தம் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான், எதுவும் கெட்டுப்போகாது. பேஸைக் கிடார் ஆம்ப்பில் செருகி சத்தத்தை ஏற்றினால் ஸ்பீக்கரே போய்விடலாம். ஏன் இந்த ஓரவஞ்சனை? இதற்குப் பதில் தேடிப் போனால் ஒரு சுவையான வரலாறு கிடைக்கிறது.

பி.காம். படிக்கிறவனுக்கு ஆம்ப்ளிஃபயரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இந்தக் கதையின் நாயகனே ஒரு கணக்குப்பிள்ளைதான் :) பொறுங்கள், அவரிடம் வருகிறேன்.

செட்டாக விற்ற காலம்

1930களில் அமெரிக்காவில் பெரிய ஜாஸ் இசைக்குழுக்கள் கொடிகட்டிப் பறந்தன. டிரம்பெட், டிராம்போன், சாக்ஸஃபோன் என்று பத்துப் பதினைந்து பேர் ஊதும்போது நடுவில் உட்கார்ந்திருக்கும் கிடார்காரர் வாசிப்பது யாருக்கும் கேட்காது. கம்பியின் அதிர்வைக் காந்தத்தால் பிடித்து மின்சாரமாக்கும் 'பிக்கப்' வந்ததே இந்தப் பிரச்சினையைத் தீர்க்கத்தான். 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பூஷாம்பும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் கொண்டுவந்த 'ஃப்ரையிங் பேன்' (பார்க்க வாணலி மாதிரியே இருக்கும்) மடியில் வைத்து வாசிக்கும் ஹவாயன் கிடார்.

1936ல் கிப்சன் நிறுவனம் ஈஎஸ்-150 என்ற கிடாரை வெளியிட்டது. பெயரில் இருக்கும் 150 எதைக் குறிக்கிறது தெரியுமா? விலையை. கிடார், ஈஎச்-150 ஆம்ப், இணைக்கும் ஒயர் எல்லாம் சேர்த்து சுமார் 150 டாலர். அதாவது எந்தக் கிடாருக்கு எந்த ஆம்ப் என்ற கேள்வியே அன்று கிடையாது. இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு வாத்தியம். 1939ல் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் இந்த வகைக் கிடாரில்தான் சாக்ஸஃபோனுக்கு இணையாகத் தனி ஆவர்த்தனம் வாசித்துக் காட்டினார்.

கிடார் தப்பித்தது. பேஸ்?

கணக்குப்பிள்ளை செய்த பேஸ்

பேஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்கள் ஏதாவது ஒரு இளையராஜா பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். பாடகருக்கும் வயலினுக்கும் அடியில், தனியாக ஒரு மெட்டுப் போல ஓடிக்கொண்டிருக்கிறதே, அதுதான். ஆரம்பத்தில் இந்த வேலையைச் செய்தது ஆளுயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ். தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. போதாக்குறைக்கு சத்தமும் குறைவு. 1930களிலேயே சியாட்டில் நகரின் பால் டட்மார்க் மின்சார பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். ஆனால் அது பரவவில்லை.

இப்போது நம் நாயகன். லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் பகுதிக்காரர். கல்லூரியில் படித்தது அக்கவுண்டிங். எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் சொந்தமாகக் கற்றுக்கொண்டது. கணக்கராக வேலை பார்த்தார், பொருளாதார மந்தத்தில் வேலை போனது. 1938ல் 600 டாலர் கடன் வாங்கி ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். கடைக்கு வந்த இசைக்கலைஞர்களின் ஆம்ப்களைப் பழுது பார்த்துப் பார்த்து, எது எங்கே உடைகிறது என்பது அவருக்கு மனப்பாடம். இத்தனைக்கும் அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது!

1951ல் அவர் கொண்டுவந்தது ப்ரிசிஷன் பேஸ். கிடார் போலவே தோளில் மாட்டிக்கொள்ளலாம். கழுத்தில் ஃப்ரெட் கம்பிகள் இருப்பதால் சுருதி துல்லியமாக விழும், அதனால்தான் அந்தப் பெயர். அதற்கென்றே தனியாக ஒரு ஆம்ப்பையும் 1952ல் விற்க ஆரம்பித்தார். பெயர் பேஸ்மேன். 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, சுமார் 26 வாட். பேஸுக்குக் கிடார் ஆம்ப் ஒத்துவராது என்பதை அவர் முதலிலேயே புரிந்துகொண்டுவிட்டார்.

ஸ்பீக்கர் ஏன் போகிறது?

இங்கே கொஞ்சம் இயற்பியல். பயப்பட வேண்டாம், ப்ளஸ் டூ அளவுதான்.

கிடாரின் மிகத் தடிமனான கம்பி நொடிக்கு சுமார் 82 முறை அதிர்கிறது (82 ஹெர்ட்ஸ்). பேஸின் தடித்த கம்பி அதில் பாதி, 41 ஹெர்ட்ஸ். அதிர்வெண் பாதியானால், அதே அளவு சத்தம் எழுப்ப ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு! கிடார் ஸ்பீக்கரின் கூம்பு லேசானது. குறைந்த தூரம், வேகமான அசைவு, இதற்காகவே செய்தது. அதைப் போய் நாலு மடங்கு தள்ளினால் ஒன்று சுருள் இடிக்கும், இல்லை காகிதம் கிழியும்.

இன்னொரு விஷயம் வாட் கணக்கு. வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரட்டிப்பாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். போதாததற்கு மனிதக் காது தாழ்ந்த ஒலிகளை மந்தமாகத்தான் கேட்கும். ஆகவே 20 வாட் கிடாருக்கு ஈடுகொடுக்க பேஸுக்கு 100 வாட்டுக்கு மேலும் தேவைப்படலாம்.

லியோ ஒரு வழி செய்தார். 1950களின் நடுவில் பேஸ்மேனில் ஒரு 15 அங்குல ஸ்பீக்கருக்குப் பதில் நாலு 10 அங்குல ஸ்பீக்கர்களை வைத்தார். சுமையை நாலு பேர் பங்குபோட்டுக்கொள்ளட்டும் என்று. வாட்டும் 40க்கு மேல் ஏறியது. ஆனால் பின்பக்கம் திறந்த அந்தப் பெட்டிக்கு பேஸின் அடி ஒலியைத் தாங்கிப் பிடிக்கத் தெம்பு போதவில்லை.

கிடார்காரர்களுக்கோ அது அமிர்தமாக இருந்தது! சத்தத்தை ஏற்றினால் அடிவயிற்றிலிருந்து வருவது போல ஒரு கனமான குரல். பேஸ்காரருக்காகச் செய்த பெட்டியைக் கிடார்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'பை-ப்ராடக்ட்' என்று ஒரு பாடம் உண்டு. எண்ணெய் ஆட்டும்போது கிடைக்கிற பிண்ணாக்கு மாதிரி. இங்கே பிண்ணாக்கு எண்ணெயைவிட அதிக விலைக்குப் போனது.

லண்டனில் ஒரு டிரம்ஸ் கடை

ஜிம் மார்ஷல் டிரம்ஸ் வாத்தியார். 1960ல் மேற்கு லண்டனின் ஹான்வெல்லில் டிரம்ஸ் கடை திறந்தார். டிரம்ஸ் வாங்க வந்தவர்கள் தங்கள் குழுவின் கிடார்காரர்களையும் கூட்டிவந்தார்கள். பீட் டவுன்ஷெண்ட், ரிச்சி பிளாக்மோர் போன்ற பையன்கள் இன்னும் கனமான சத்தம் தரும் ஆம்ப் வேண்டும் என்று நச்சரித்தார்கள். அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாகும் ஃபெண்டர் யானை விலை.

மார்ஷலும் அவருடைய ரிப்பேர்காரர் கென் பிரானும் இளைஞர் டட்லி கிரேவனும் என்ன செய்தார்கள் என்றால், பேஸ்மேனின் மின்சுற்றை எடுத்து இங்கிலாந்தில் கிடைக்கும் பாகங்களால் கட்டினார்கள். 1962 வாக்கில் பிறந்தது ஜேடிஎம்45. ஜிம், அவர் மகன் டெர்ரி இருவர் பெயரின் முதல் எழுத்துகள் அதில் இருக்கின்றன. ஸ்பீக்கர்களோ தனிப் பெட்டியில்: பின்புறம் மூடிய பெட்டியில் நாலு 12 அங்குல செலெஸ்டியன் ஸ்பீக்கர்கள். வேறு வால்வு, வேறு ஸ்பீக்கர், மூடிய பெட்டி, இந்த மூன்றும் சேர்ந்ததில் குரலே மாறிவிட்டது. 1966ல் எரிக் கிளாப்டன், ஜான் மேயால் குழுவோடு ஒலிப்பதிவு செய்தபோது மார்ஷல் ஆம்ப்பை ஸ்டுடியோவிலும் மேடை சத்தத்துக்கே ஏற்றி வாசித்தார். ராக் கிடார் என்றதும் நம் காதில் ஒலிக்கும் சத்தம் அந்தக் குடும்பத்தது. ஆக, மார்ஷலுக்குத் தாத்தா ஒரு பேஸ் ஆம்ப்!

ஓட்டை ஸ்பீக்கரும் ஒரு சொத்து

கிடாருக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. அதன் சத்தம் சிதைந்தாலும் அழகாக இருக்கிறது. 1951ல் மெம்ஃபிஸில் 'ராக்கெட் 88' பாட்டைப் பதிவு செய்யப் போன குழுவின் கிடார் ஆம்ப் வழியில் அடிபட்டுவிட்டது. காகிதத்தை அடைத்து ஒப்பேற்றினார்கள். அந்தக் கரகரப்பே பாட்டின் அடையாளமானது. 1958ல் 'ரம்பிள்' வாசித்த லிங்க் ரே வேண்டுமென்றே ஸ்பீக்கரில் ஓட்டை போட்டார். 1964ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கரை பிளேடால் கீறி 'யூ ரியலி காட் மீ' வாசித்தார்.

பேஸுக்கு இந்தச் சலுகை சுலபமாகக் கிடைப்பதில்லை. பேஸ்காரர்தான் குழுவின் அஸ்திவாரம். அவருடைய ஒலி உதறினால் மேலே இருக்கும் எல்லாமே ஆடும். பேஸிலும் கரகரப்பை விரும்பியவர்கள் உண்டு. மோட்டார்ஹெட் குழுவின் லெம்மி அதற்குப் பேர்போனவர். ஆனால் அவர் பயன்படுத்தியதும் மார்ஷலின் 'சூப்பர் பேஸ்' ஆம்ப்தான், கண்ட கிடார் ஆம்ப் அல்ல.

பேஸ்காரர்கள் போன வழி

அப்படியானால் பேஸ்காரர்களை யார் கவனித்தார்கள்? எவரெட் ஹல் என்ற பேஸ் கலைஞர். டபுள் பேஸ் தரையில் ஊன்றி நிற்கும் கட்டைக்குள் மைக் வைத்து 1940களில் விற்றவர். 'ஆம்ப்ளிஃபைடு பெக்' என்பதன் சுருக்கம்தான் ஆம்பெக் என்ற நிறுவனப் பெயர். அவருக்குக் கரகரப்பு கட்டோடு பிடிக்காது. 1960ல் ஜெஸ் ஆலிவர் வடிவமைத்து வெளிவந்த ஆம்பெக் பி-15 வெறும் 25 வாட்தான். ஆனால் மூடிய, கணக்குப் போட்டு அளந்த பெட்டிக்குள் 15 அங்குல ஸ்பீக்கர். வேலை முடிந்ததும் மேலே இருக்கும் ஆம்ப்பைக் கவிழ்த்துப் பெட்டிக்குள்ளேயே மூடிவிடலாம். ஸ்டுடியோக்களில் பல வருடம் கோலோச்சியது.

ஆனால் மேடைகள் பெரிதாகிவிட்டன. ஹூ குழுவின் பேஸ்காரர் ஜான் என்ட்விசிலும் கிடார்காரர் டவுன்ஷெண்டும் போட்டி போட்டு சத்தத்தை ஏற்ற, 1965ல் மார்ஷல் 100 வாட்டுக்குப் போனது. 1969ல் ஆம்பெக் நிறுவனம் எஸ்விடி என்ற பூதத்தை இறக்கியது: 300 வாட், பெட்டிக்கு எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த வருட அமெரிக்கப் பயணத்தில் அதோடுதான் போனார்கள். 1951ல் பேஸ்காரருக்கு ஏற்பட்ட குறை தீர ஏறக்குறைய 18 வருடம் ஆகியிருக்கிறது.

சரி, நீங்கள் என்ன வாங்குவது?

இந்த வரலாறு அப்படியே வாங்குபவருக்கான வழிகாட்டி.

முதலாவது, வீட்டில் பழக எலெக்ட்ரிக் கிடாருக்கு 5 முதல் 20 வாட், 8 அல்லது 10 அங்குல ஸ்பீக்கர் தாராளம். வால்வு ஆம்ப் பெரிது என்பார்கள். அதன் இனிமை சத்தத்தை ஏற்றினால்தான் முழுதாகத் தெரியும். அடுக்குமாடி வீட்டில் அதற்கு வழியில்லை. பல ஆம்ப்களின் குரலைக் கணினிச் சில்லில் போலச் செய்யும் 'மாடலிங்' ஆம்ப் போதும்.

இரண்டாவது, பேஸ் என்றால் பேஸ் ஆம்ப்தான். வீட்டுக்கு 20, 30 வாட். டிரம்ஸோடு வாசிக்கப் போகிறீர்கள் என்றால் 100 வாட்டுக்குக் கீழே யோசிக்காதீர்கள், 200 இருந்தால் நிம்மதி. இப்போது வரும் 'கிளாஸ் டி' ஆம்ப்கள் அதைச் சில கிலோ எடையிலேயே தருகின்றன.

மூன்றாவது, வீட்டில் ஒரே ஆம்ப்தான், அண்ணன் கிடார், தம்பி பேஸ் என்றால் பேஸ் ஆம்ப்பை வாங்குங்கள். கிடார்காரருக்குக் கரகரப்பு வேண்டுமானால் ஒரு பெடல் சேர்த்துக்கொள்ளலாம். கிடார் ஆம்ப் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் பேஸை மெல்லிய சத்தத்தில் மட்டும் வாசியுங்கள். ஸ்பீக்கர் 'புர்ர்' என்றால் உடனே குறைத்துவிடுங்கள்.

நாலாவது, ஆம்ப்பும் ஸ்பீக்கர் பெட்டியும் தனித்தனியாக வாங்கினால் ஓம் எண்ணைப் பொருத்திப் பாருங்கள். வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டவே கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

புதிதாகப் பழகுபவருக்குத் தன் கை சரியில்லையா, பெட்டி சரியில்லையா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பொருந்தாத ஆம்ப்பில் வரும் உதறல் சத்தத்தைக் கேட்டு, நமக்கு இது வராது என்று ஆறே மாதத்தில் வாத்தியத்தைப் பரணில் போட்டுவிடுவார். ஸ்பீக்கர் போனால் மாற்றிக்கொள்ளலாம், ஆர்வம் போனால் கடையில் கிடைக்காது. ஆகவே பட்ஜெட் போடும்போது கிடாருக்கு ஒரு தலைப்பு, ஆம்ப்புக்கு ஒரு தலைப்பு என்று பிரிக்காதீர்கள். 1936ல் கிப்சன் போட்டது போல இரண்டையும் ஒரே தொகையாகப் போட்டுப் பாருங்கள். வாங்குவது ஒரே வாத்தியம்தானே!