ஒரு சுருள், பன்னிரண்டு படம், தரங்கம்பாடி விடியல்



போன வாரம் பேத்தி கடற்கரையில் சூரியோதயம் பார்த்து, செல்போனில் நாற்பது படம் எடுத்து அனுப்பினாள். "உங்க காலத்துல எப்படி எடுப்பீங்க தாத்தா?" என்று கேட்டாள். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் சும்மா விடுவேனா? கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலைப் படம் பிடிப்பது ஆரம்பத்திலிருந்தே வம்பு பிடித்த வேலை. வானம் பளிச்சென்று இருக்கும், தண்ணீர் இருண்டு கிடக்கும். அக்காலக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியைத்தான் அதிகம் உணரும். கடல் சரியாக விழுந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். 1850களில் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே, வானத்துக்கு ஒரு தகடு, கடலுக்கு ஒரு தகடு என்று எடுத்து, அடிவானக் கோட்டில் இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் அச்சிட்டார். 1873ல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோகல், சாயம் சேர்த்தால் தகடு மற்ற நிறங்களையும் உணரும் என்று கண்டார். சிவப்பையும் உணரும் பான்குரோமேட்டிக் தகடுகள் 1906ல்தான் கடைக்கு வந்தன. அதுவரை விடியலின் செம்மை படத்தில் கறுப்பாகத்தான் விழுந்தது.

நமக்கோ ஃபிலிம் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். 1960ல் மத்திய அரசு ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. 1967ல் உற்பத்தி ஆரம்பமானது. ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்பைத்தான் ஃபிலிமில் பூசுவார்கள். ஒரு தூசி விழுந்தாலும் போச்சு. குளிர்ச்சியும் சுத்தமான காற்றும் உள்ள மலை அதற்குத் தோதாக இருந்தது. ஃபிலிமின் பெயர் 'இந்து'. இந்து என்றால் நிலா. நிலாவின் பெயர் கொண்ட அந்த ஃபிலிமில் சூரியனைப் பிடிக்கத்தான் 1983ல் நான் தரங்கம்பாடி கரையில் நின்றேன்.

அப்போது பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேலை. பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டிருந்தது. 1620ல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டையும் அருகிலேயே. பாடத்தைப் புத்தகத்தில் காட்டுவதைவிடக் கரையில் காட்டலாம் என்று பிள்ளைகளை விடியுமுன் கூட்டிப்போனேன்.

கையில் அக்ஃபா கிளிக் த்ரீ. 120 சுருளில் பன்னிரண்டே படம். பின்பக்கச் சிவப்புக் கண்ணாடியில் எண்ணைப் பார்த்துத்தான் சுற்ற வேண்டும். 'மேகம்' குறியில் வைக்க வேண்டிய நெம்புகோலை, சூரியனைத்தானே எடுக்கிறோம் என்று 'சூரியன்' குறியில் வைத்தேன். அரை இருட்டில் அது தப்பு. முதல் ஐந்து படமும் ஒன்றுமில்லாமல் போயின.

ஆறாவது படத்துக்கு அமுக்கும்போது ஒரு மீனவர் வலையைத் தோளில் போட்டபடி குறுக்கே வந்துவிட்டார். கழுவிப் பார்த்தால் எதிர்வெளிச்சத்தில் அவர் உருவம் முழுக்கக் கறுப்பு. கோயில் படத்தைக் கெடுத்துவிட்டாரே என்று அன்று சலித்துக்கொண்டேன்.

2004 டிசம்பர் 26 உங்களுக்குத் தெரியும். சில மாதம் கழித்து அன்று கூட வந்த மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். அலை வீட்டையும் சுவரில் இருந்த படங்களையும் கொண்டுபோய்விட்டது. முன்பே காலமான அப்பாவுக்கு இருந்த ஒரே படமும் போயிற்று.

"சார், அன்னைக்கு எங்கப்பா குறுக்க வந்தாரே, அது இருக்கா?"

பிரிண்ட் இல்லை. பழைய பிஸ்கட் டப்பாவில் நெகட்டிவ் இருந்தது. ஸ்டூடியோவில் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். முகம் தெரியவில்லையே என்று எனக்குச் சங்கடம். அவன் அம்மா பார்த்தவுடனே, "தலப்பா கட்டே சொல்லுதே" என்றாராம்.

ஊட்டித் தொழிற்சாலை இன்று இயங்கவில்லை. அங்கே பூசிய வெள்ளி இன்னும் நம் பெட்டிகளில் இருக்கிறது. ஒரு வேண்டுகோள்: பரணில் கிடக்கும் நெகட்டிவ்களை எறியாதீர்கள். ஈரம் பட்டால் ஜெலட்டினில் பூஞ்சை ஏறும். காகித உறையில் போட்டு உலர்ந்த இடத்தில் வையுங்கள். உறைமேல் ஊரும் வருஷமும் பென்சிலால் எழுதுங்கள். குறுக்கே வந்தவர் யாரென்று தெரிந்தால் அந்தப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.