அறுபது ஹெர்ட்ஸ் ஆட்டம், ஐம்பது ஹெர்ட்ஸ் வீடு

1992 ஜூன் 10 அன்று ஜப்பானியக் கடைகளில் நின்டென்டோவின் சூப்பர் ஃபேமிகாம் கன்சோலுக்கான ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ விற்பனைக்கு வந்தது. அமெரிக்கப் பிள்ளைகளின் கைக்கு அடுத்த மாதமே போய்விட்டது. பிரிட்டனில் டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆர்கேடில் காசு போட்டு ஆடிய ஆட்டம் கேசட்டாகிவிட்டது என்று தெரிந்த பிறகு ஆறு மாதம் பொறுக்க யாருக்கு மனம் வரும்? பிரிட்டிஷ் வீடியோ கேம் இதழ்களில் இறக்குமதிக் கடைகளின் விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வந்தன. ‘மீன் மெஷின்ஸ்’ இதழ் ஜப்பானிலிருந்து நேரே வந்த கேசட்டுகளுக்கு விமர்சனம் எழுதியது. அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கிய ‘சூப்பர் பிளே’ ஜப்பானிய ஆட்டங்களையே தன் அடையாளமாக்கிக்கொண்டது.

சில ஆட்டங்களுக்குக் காத்திருந்தும் பயனில்லை. 1995இல் வந்த ‘குரோனோ ட்ரிக்கர்’ சூப்பர் ஃபேமிகாமின் ஐரோப்பிய வடிவமான சூப்பர் நின்டென்டோவுக்கு வரவே இல்லை. ‘ஃபைனல் ஃபேன்டசி’ வரிசையின் முக்கிய பாகங்களில் ஏழாவதுதான் முதன்முதலாக ஐரோப்பியக் கடைகளுக்கு வந்தது, 1997இல். வேண்டுமென்றால் வெளிநாட்டுக் கேசட்டை வாங்கத்தான் வேண்டும். அதை உள்ளூர்ப் பெட்டியில் ஓட வைப்பதற்குள் வாங்கியவர் படும் பாடுதான் இந்தக் கதை.

மின்சாரத்திலிருந்தே சிக்கல் தொடங்கிவிடுகிறது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 230. ஜப்பானிய அடாப்டரை நம் சுவரில் செருகினால் புகைதான் மிஞ்சும். ஒரே நிறுவனத்தின் இரண்டு பெட்டிகளுக்கு இடையிலும் ஆபத்து உண்டு. நின்டென்டோவின் முந்தைய பெட்டியான ஃபேமிகாமுக்குத் தேவை 10 வோல்ட் நேர்மின்சாரம். அதன் அமெரிக்க வடிவமான நெஸ் கருவியின் அடாப்டர் தருவதோ 9 வோல்ட் மாறுமின்சாரம். பின் பொருந்துகிறதே என்று மாட்டி ஃபேமிகாமைப் பாழாக்கியவர்கள் இன்றும் உண்டு.

அடுத்தது டிவி. தொலைக்காட்சியை வடிவமைத்த முதல் தலைமுறைப் பொறியாளர்கள், திரை புதுப்பிக்கப்படும் வேகத்தை அந்தந்த நாட்டு மின்சாரத்தின் அலைவெண்ணோடு இணைத்து வைத்தார்கள். இல்லாவிட்டால் மின்சாரத்தின் இரைச்சல் திரையில் பட்டையாக உருளும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், எனவே அந்நாட்டு என்டிஎஸ்சி முறையில் நொடிக்கு 60 புதுப்பிப்பு, 525 கோடுகள். ஐரோப்பாவின் பிஏஎல் முறையில் 50 புதுப்பிப்பு, 625 கோடுகள். ஜப்பான் அமெரிக்க முறையை எடுத்துக்கொண்டது. இத்தனைக்கும் டோக்கியோ உள்ளிட்ட கிழக்கு ஜப்பானின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு வண்ணத்துக்கு மாறிய தூர்தர்ஷன் எடுத்துக்கொண்டது பிஏஎல்.

இதனால் பெரிதாக அடிபட்டது வீடியோ கேம்தான். திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது ஆட்டமும் ஓரடி நகரும்படிதான் அக்கால ஆட்டங்கள் எழுதப்பட்டன. 60க்கு எழுதியதை 50இல் ஓட்டினால் ஆட்டம் ஆறில் ஐந்து பங்கு வேகத்துக்கு இறங்கிவிடும். ஜப்பானில் 60 நொடியில் முடியும் ஓட்டம் ஜெர்மனியில் 72 நொடி எடுக்கும். பிஏஎல் திரையில் கோடுகள் அதிகம் என்பதால் படம் நசுங்கி, மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழும். வேகத்தையே தன் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ‘சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்’ 1991இல் ஐரோப்பாவுக்கு வந்தபோது ஓட்டமும் பாட்டும் சேர்ந்தே தளர்ந்திருந்தன. அடுத்த ஆண்டு ‘சோனிக் 2’இல் பாட்டின் வேகத்தை மட்டும் சரிசெய்தார்கள். கொஞ்சம் மெனக்கெட்டால் முடிந்திருக்கும் வேலை என்பதற்கு அதுவே சாட்சி. பெரும்பாலான நிறுவனங்கள் மெனக்கெடவில்லை. முழு விலை கொடுத்து வாங்கிய ஐரோப்பியர்களுக்குக் கிடைத்தது குறைபட்ட பிரதி.

இதுவரை சொன்னதெல்லாம் யாரும் திட்டமிடாமல் வந்து சேர்ந்தவை. பூட்டு அப்படி வந்ததல்ல.

1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது. யார் வேண்டுமானாலும் கேசட் தயாரிக்கலாம் என்றிருந்ததால் குப்பை ஆட்டங்கள் குவிந்ததும் அதற்கு ஒரு காரணம். அதே ஆண்டு ஜூலையில் ஜப்பானில் வெளியான ஃபேமிகாமில் பூட்டு எதுவும் கிடையாது. 1985இல் அதை நெஸ் என்ற பெயரில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது நின்டென்டோ உள்ளே ஒரு சிப்பைச் சேர்த்தது. கன்சோலில் ஒன்று, கேசட்டில் ஒன்று. இரண்டு மிருதங்கக்காரர்கள் ஒரே கோர்வையை ஒரே நேரத்தில் வாசிப்பது போல, இரண்டு சிப்புகளும் ஒரே எண்வரிசையை விடாமல் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் பிசகினாலும் கன்சோல் நொடிக்கொரு தரம் அணைந்து எரியத் தொடங்கும்.

அனுமதி பெறாத கேசட்டுகளைத் தடுப்பது அதன் முதல் வேலை. நாட்டுக்கு நாடு எண்வரிசையை மாற்றியபோது அதுவே எல்லைக் காவலாகவும் ஆனது. ஐரோப்பாவில் நடந்ததைப் பார்த்தால் இதன் உள்நோக்கம் விளங்கும். பிரிட்டனுக்கும் இத்தாலிக்கும் ஒரு சிப், ஜெர்மனி உள்ளிட்ட மற்ற மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு வேறொரு சிப். பிரிட்டனும் ஜெர்மனியும் பயன்படுத்தியது ஒரே 50 ஹெர்ட்ஸ், ஒரே 625 கோடுகள். ஆனாலும் ஜெர்மன் கேசட் பிரிட்டிஷ் நெஸ்ஸில் ஓடாது. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதையும் காட்ட முடியாது. நாட்டுக்கு நாடு விற்பனை உரிமை வேறு வேறு நிறுவனங்களிடம் இருந்தது; ஒருவர் சரக்கு மற்றவர் சந்தைக்குள் நுழையக் கூடாது என்பதே காரணம்.

பூட்டு வந்ததுமே திறக்கும் முயற்சிகளும் தொடங்கிவிட்டன. அடாரி கேம்ஸ் நிறுவனம் பொய்க் காரணம் சொல்லி அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து அந்தச் சிப்பின் நிரலையே வாங்கி, ‘டெங்கன்’ என்ற பெயரில் தான் விற்ற கேசட்டுகளுக்கு மாற்றுச் சிப் செய்தது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதற்கு எதிராகவே தீர்ப்பளித்தது. வேறு சிலர் மின்னழுத்த அதிர்ச்சி கொடுத்துச் சிப்பைத் திகைக்க வைத்தார்கள். வீட்டில் சால்டரிங் அயர்ன் வைத்திருந்தவருக்கு இத்தனையும் தேவைப்படவில்லை. கன்சோலில் உள்ள சிப்பின் நான்காவது காலை வெட்டிவிட்டால் பூட்டு செயலற்றுப் போகும். ஃபேமிகாம் கேசட்டுக்கு 60 பின், நெஸ் கேசட்டுக்கு 72. அதையும் நின்டென்டோவே ஒருவகையில் தீர்த்து வைத்திருந்தது. 1985இன் ‘ஜைரோமைட்’ போன்ற ஆரம்பகாலக் கேசட்டுகள் சிலவற்றுக்குள் இருந்தது ஜப்பானியப் பலகையும் ஒரு மாற்று இணைப்பானும்தான். அந்த இணைப்பானுக்காகவே பழைய ‘ஜைரோமைட்’டைத் தேடி வாங்கிப் பிரித்தார்கள்.

தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் ‘டிவி கேம்’ ஆடி வளர்ந்தவர்களுக்கு இந்தப் பூட்டைப் பற்றித் தெரிய வாய்ப்பே இல்லை. பர்மா பஜாரிலும் ரிட்சி தெருவிலும் விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை ஃபேமிகாமின் குளோன்கள். 60 பின், பூட்டில்லாத ஜப்பானிய வழி. ‘கான்ட்ரா’வும் ‘மாரியோ’வும் ஒரே கேசட்டில் வேறு பல ஆட்டங்களோடு அடைந்து கிடந்தன. ஆனால் வீட்டு டிவி 50 ஹெர்ட்ஸ் பிஏஎல். ஜப்பானிய ஆட்டம் அதில் எப்படி ஓடியது?

அதற்குப் பின்னால் அதிகம் பேசப்படாத ஒரு தைவான் சாதனை இருக்கிறது. நின்டென்டோ தன் ஐரோப்பியப் பெட்டியில் சிபியுவின் வேகத்தை 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.66க்குக் குறைத்தது. ஃபேமிகாமில் திரையின் ஒரு கோடு வரையப்படும் நேரத்துக்குள் சிபியு 113க்கும் 114க்கும் இடைப்பட்ட சுழற்சிகளை முடித்துவிடும். ஐரோப்பிய நெஸ்ஸில் அது 106, 107 என்று சுருங்கியது. மேலே மதிப்பெண் பட்டை அசையாமல் நிற்க, கீழே காட்சி மட்டும் நகர வேண்டும் என்று சுழற்சிகளை எண்ணி எழுதப்பட்ட ஆட்டங்கள் இதனால் கிழிந்து போயின. தைவானின் யுஎம்சி நிறுவனம் பிஏஎல் நாடுகளின் குளோன்களுக்கெனச் செய்த சிப்புகளில் வேறு வழியைப் பிடித்தது. சிபியு 1.77 மெகாஹெர்ட்ஸ், ஒரு கோட்டுக்கான சுழற்சிக் கணக்கு ஃபேமிகாமில் இருந்தபடியே. பிஏஎல் முறைக்குக் கூடுதலாக வேண்டிய 50 கோடுகளைப் படம் முடிந்த பின், அடுத்த படத்துக்கான சமிக்ஞை வருவதற்கு முன் நுழைத்துவிட்டார்கள். ஆட்டத்தின் நிரலுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ரஷ்யாவில் 1992 டிசம்பரில் வந்து ஒரு தலைமுறையையே ஆட்கொண்ட ‘டென்டி’ ஓடியது இந்த வழியில்தான்.

அசல் நிறுவனம் தன் சொந்த ஆட்டங்களுக்குச் செய்யத் தவறியதைப் போலி என்று ஒதுக்கப்பட்டவர்கள் செய்து காட்டினார்கள். உரிமம் இல்லாத தொழில் என்பது உண்மைதான். அந்தப் பொறியியல் மதிக்கத்தக்கது என்பதும் உண்மை. ஒன்றை மட்டும் அவர்களாலும் மாற்ற முடியவில்லை. டிவி 50 ஹெர்ட்ஸ் என்பதால் இத்தகைய பெட்டிகளிலும் ஆட்டம் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடியது. சுருதி ஏறக்குறைய அப்படியே இருக்க, தாளம் மட்டும் விளம்பமாகும். அந்தப் பெட்டிகளில் கேட்ட ‘மாரியோ’ பாட்டு டோக்கியோவில் கேட்டதைவிட நிதானமானது.

அடுத்த தலைமுறைக் கன்சோல்களில் பூட்டு பல வேடம் போட்டது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சூப்பர் நின்டென்டோவின் பூட்டுச் சிப் ஒன்றேதான். கேசட்டின் வடிவம் மட்டும் வேறு. அமெரிக்கப் பெட்டியின் வாய்க்குள் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளைக் குறடால் உடைத்தெறிந்தால் ஜப்பானியக் கேசட் அடங்கி உட்காரும். ஐரோப்பாவில் நேர்மாறு: கேசட் கச்சிதமாகப் பொருந்தும், சிப் மறுத்துவிடும். அதனால் இரட்டை வாய் கொண்ட அடாப்டர்கள் வந்தன. ஒன்றில் உள்ளூர் கேசட்டைச் செருகி அதன் சிப்பைக் காட்ட வேண்டும், இன்னொன்றில் ஆட வேண்டிய இறக்குமதிக் கேசட். கொஞ்ச நாளில் ஆட்டங்களே திரை 50ஆ 60ஆ என்று சோதித்து, இது உங்கள் கருவிக்கானதல்ல என்று அறிவித்து நின்றுகொண்டன.

என்இசி செய்த வேலை இன்னும் விநோதம். அதன் பிசி எஞ்சின் கன்சோலுக்கும் அமெரிக்க வடிவமான டர்போகிராஃப்க்ஸ்-16க்கும் ஆட்ட அட்டைகள் ஒரே அளவு, ஒரே தடிமன். தரவு செல்லும் எட்டுக் கம்பிகளின் வரிசையை மட்டும் தலைகீழாக்கி வைத்திருந்தார்கள்.

செகாவின் மெகா டிரைவ் இவற்றுள் இளகிய மனம் கொண்டது. அதன் பலகையில் மொழிக்கு ஓர் இணைப்பு, அலைவெண்ணுக்கு ஓர் இணைப்பு. அவற்றை அறுத்து இரண்டு சிறு சுவிட்சுகளைப் பொருத்திவிட்டால் ஒரே பெட்டி மூன்று நாட்டுப் பெட்டியாக மாறும். 1991இன் ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ்’ கேசட்டைச் செருகி மொழிச் சுவிட்சை ஜப்பானுக்குத் தள்ளினால், ‘பேர் நக்கிள்’ என்ற அதன் ஜப்பானியப் பெயர் திரையில் எழும். உலகம் முழுவதற்குமான ஆட்டம் ஏற்கெனவே அந்தக் கேசட்டுக்குள் இருந்தது.

கேசட் போய் சிடி வந்தது. 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் வெளியான பிளேஸ்டேஷனுக்கு சோனி வைத்த பூட்டு கண்ணுக்குத் தெரியாதது. வட்டின் உட்பகுதியில் தடத்தின் மெல்லிய நெளிவாக நான்கு எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன: ஜப்பானுக்கு எஸ்சிஇஐ, அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ. கணினியில் சிடி எழுதும் கருவிகளால் அந்த நெளிவைப் போட முடியாது. திருட்டுப் பிரதியையும் அயல்நாட்டு அசலையும் ஒரே பூட்டு தடுத்தது. உரிய எழுத்துகளைப் பெட்டிக்குள்ளிருந்தே ஊட்டும் ‘மாட் சிப்’ இரண்டையும் சேர்த்தே திறந்துவிட்டது. காசு கொடுத்து ஜப்பானிய வட்டை வாங்கியவரும் திருட்டு வட்டை வாங்கியவரும் சட்டத்தின் முன் ஒரே வரிசையில் நிற்க நேர்ந்தது இப்படித்தான்.

ஆஸ்திரேலியாவில் இது உயர் நீதிமன்றம் வரை போனது. சிட்னியில் மாட் சிப் பொருத்திக்கொடுத்த ஸ்டீவன்ஸ் மீது சோனி வழக்குத் தொடுத்தது. நுகர்வோர் நலனைக் காக்கும் அரசு ஆணையம், பிராந்தியப் பூட்டு மக்களின் தேர்வைப் பறிக்கிறது என்று வழக்கில் குறுக்கிட்டது. முதல் நீதிமன்றம் ஸ்டீவன்ஸ் பக்கம் சாய்ந்தது, மேல்முறையீட்டில் சோனி வென்றது. 2005 அக்டோபர் 6 அன்று உயர் நீதிமன்றம் ஸ்டீவன்ஸுக்கு ஆதரவாக முடிவாகத் தீர்ப்புச் சொன்னது: இந்தப் பூட்டு பிரதி எடுப்பதைத் தடுக்கவில்லை, எடுத்த பிரதி ஓடுவதைத்தான் தடுக்கிறது, எனவே அன்றைய சட்டம் பாதுகாக்கும் தொழில்நுட்பக் காப்பு இதுவல்ல. அமெரிக்காவோடு செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தையொட்டி அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியா சட்டத்தைத் திருத்தியது.

பூட்டில்லாமலும் தொழில் நடக்கும் என்பதற்கு ஆதாரம் 1989இலிருந்தே கண்ணெதிரில் இருந்தது. கேம் பாய்க்குப் பிராந்தியப் பூட்டு கிடையாது. எந்த நாட்டுக் கேசட்டும் எந்த நாட்டுப் பெட்டியிலும் ஓடும். டிவி தேவைப்படாததால் 50, 60 சச்சரவும் இல்லை. உலகெங்கும் அது அமோகமாக விற்றது. ஆனாலும் நின்டென்டோ 2011இல் 3டிஎஸ் கையடக்கக் கருவிக்குப் பூட்டுப் போட்டு, 2017இல் ஸ்விட்சில்தான் கழற்றியது.

பழைய பெட்டியைத் தூசி தட்டி எடுப்பவருக்கு இன்று மாற்றுச் சிப்புகளும் அடாப்டர்களும் கிடைக்கின்றன. 60 ஹெர்ட்ஸை மறுக்கும் புது டிவியும் அரிது. மிச்சமிருக்கும் கேடு 50 ஹெர்ட்ஸுக்கென்று மாற்றி வெளியிட்ட பதிப்புகளில்தான். சோனி 2018 டிசம்பர் 3 அன்று 20 ஆட்டங்களோடு ‘பிளேஸ்டேஷன் கிளாசிக்’ பெட்டியை வெளியிட்டது. மேற்கு நாடுகளில் விற்ற பெட்டியில் அவற்றுள் ஒன்பது ஆட்டங்களுக்கு ஐரோப்பிய 50 ஹெர்ட்ஸ் பதிப்பையே வைத்திருந்தார்கள். கணப்பொழுது பிசகினாலும் தோற்கும் ‘டெக்கன் 3’ அவற்றில் ஒன்று. அந்தத் தளர்ந்த நடையை 1990களில் கண்டே இராத அமெரிக்க வீடுகளுக்கும் அது அந்தப் பெட்டியோடு வந்து சேர்ந்தது.