குடியை விட நினைப்பவருக்கு அருகில் ஒரு கூட்டம்: எங்கே, எப்படித் தேடுவது?



ஜமாஅத்துக்கு வரும் குடும்ப வழக்குகளில் ஒரு சகோதரி குலா கேட்டு நிற்பார். பொறுமையாக விசாரித்தால், பல வழக்குகளில் அடியில் மது இருக்கும். உடனே நாம் கணவரை அழைத்து குர்ஆன் மீது சத்தியம் வாங்குகிறோம். நானும் அப்படி வாங்கியவன்தான். பத்து நாளில் அது உடைந்துவிடும். குடித்த பாவத்தோடு சத்தியத்தை முறித்த பரிகாரமும் அவர் தலையில் ஏறும். பத்து ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும், இயலாவிட்டால் மூன்று நோன்பு வைக்க வேண்டும். வெட்கத்தில் அவர் பள்ளிவாசல் பக்கமே வராமல் போய்விடுகிறார்.

மது ஹராம் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாத நிலையைத்தான் மருத்துவர்கள் குடிநோய் என்கிறார்கள்.

கூட்டத்தைத் தேடும் முன் ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அறையில் பூட்டி வைக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு முதலில் அழைத்துச் செல்லுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை இந்தச் சிகிச்சையைச் செய்து வருகிறது. காபியில், குழம்பில் தெரியாமல் மருந்து கலந்து கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். அந்த மருந்தோடு மது சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

சிகிச்சை உடலைத் தேற்றும். வீடு திரும்பிய பின், பழைய நண்பர்களும் பழைய மாலை நேரமும் அப்படியே காத்திருக்கும். அந்த நேரத்துக்குத்தான் கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயால் அவதிப்பட்ட இருவர் தொடங்கியது. அங்கே ஆலோசகரும் இல்லை, மருத்துவரும் இல்லை. குடியை விட்டவர்கள், விட முயல்பவர்களோடு உட்கார்ந்து தங்கள் அனுபவத்தைப் பேசுவார்கள். கட்டணம் இல்லை. முழுப் பெயர் கேட்பதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி.

ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்தில் கூட்டங்களின் விவரமும் தொடர்பு எண்களும் கிடைக்கும். அதைவிட எளிய வழி, மனநலப் பிரிவிலோ மீட்பு மையத்திலோ உள்ள சமூகப் பணியாளரிடம் கேட்பது. எந்தக் குழு தொடர்ந்து நடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். தொலைபேசியில் பேசும்போது தமிழில் நடக்கிறதா, எத்தனை மணிக்கு, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று கேளுங்கள். மூடிய கூட்டம் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் போகலாம். கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில் இருப்பதால் மஃரிப், இஷா வக்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள். சொந்த ஊரில் முகம் தெரியும் என்ற தயக்கம் இருந்தால் பக்கத்து ஊர்க் குழுவுக்கோ இணையவழிக் கூட்டத்துக்கோ போகட்டும். முதல் குழு பிடிக்கவில்லையா? இன்னொன்றையும் பார்க்கட்டும்.

மனைவி, தாய், பிள்ளைகளுக்கென்று அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951 முதல் இருக்கிறது. கணவர் வர மறுத்தாலும் மனைவி அதற்குப் போகலாம். இது பல சகோதரிகளுக்குத் தெரியாது.

"ஹஜ்ரத், கூட்டம் சர்ச் வளாகத்தில் நடக்கிறதே" என்று கேட்கிறார்கள். பல குழுக்கள் அப்படி இடம் எடுத்து நடத்துவது உண்மை. ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. அதன் பன்னிரண்டு படிகளில் இறைவனைப் பற்றி வரும் இடத்தில், அவரவர் புரிந்துகொண்ட இறைவன் என்றே இருக்கிறது. முடிவில் சேர்ந்து ஒரு பிரார்த்தனை சொல்வார்கள். நம்மவர் அப்போது மனதில் தன் துஆவைக் கேட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவின் பால்டிமோரில் 1989இல் தொடங்கிய மில்லத்தி இஸ்லாமி, இதே பன்னிரண்டு படிகளை இஸ்லாமிய அடிப்படையில் அமைத்துக்கொண்டது.

இன்னும் கனமான கேள்வி ஒன்று உண்டு. அல்லாஹ் மறைத்த பாவத்தை நாமே வெளியே சொல்லலாமா? பெருமையாகப் பரப்புவதுதான் தடுக்கப்பட்டது. நோயைச் சொல்லி மருந்து தேடுவது அதில் சேராது என்பதே என் கருத்து. ஆனாலும் எல்லாவற்றையும் விவரிக்க வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. பேசாமல் கேட்டுவிட்டும் வரலாம்.

குடித்தவருக்கு நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்ற ஹதீஸைக் கேட்டு, தொழுகையையே விட்டவர்கள் உண்டு. நன்மை கிடைக்காது, கடமை நீங்காது என்றே உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். தவ்பா செய்தால் அல்லாஹ் ஏற்பான் என்பதும் அதே ஹதீஸில் இருக்கிறது. மது குடித்துத் தண்டிக்கப்பட்ட ஒரு தோழரை ஒருவர் சபித்தபோது, அதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததும் புகாரியில் பதிவாகியிருக்கிறது.

முத்தவல்லிகளுக்கு ஒரு வார்த்தை. மதரஸா முடிந்த பிறகு பூட்டிக் கிடக்கும் அறையை வாரம் ஒரு மாலை இத்தகைய குழுவுக்குக் கொடுக்கலாம். அவர்கள் சிறு வாடகை தருவார்கள். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், வெளியார் நன்கொடையை ஏற்காமல் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்வது அவர்களுடைய மரபு.