பிரக்கிராசி அலுவலகமும் தேயிலைத் தோட்டமும்: மலையகத் தமிழரின் சட்டத்தொழிற் பிரவேசம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையிற் சட்டத்தொழில் நெடுங்காலமாக இருகூறாக இயங்கி வந்தது. நீதிமன்றத்தில் எழுந்து வாதாடுபவரை அப்புக்காத்து என்றும், கட்சிக்காரரைச் சந்தித்து ஆவணங்களைத் தயாரித்து வழக்கை நடத்திச் செல்பவரைப் பிரக்கிராசி என்றும் தமிழ் மக்கள் வழங்கினர். ஒல்லாந்தரும் அவருக்கு முன் வந்தோரும் விட்டுச் சென்ற சொற்களுள் இவையும் அடங்கும். அப்புக்காத்தின் புகழ் மேடையேறிய அளவுக்குப் பிரக்கிராசியின் புகழ் ஏறவில்லை. ஆயினும் நாட்டின் பொருளாதார வரலாற்றை நோக்குவோர்க்கு முக்கியமானவர் பிரக்கிராசியே. காணி கைமாறியதும், கம்பனி பிறந்ததும், கடன் பத்திரமானதும் அவருடைய மேசையின் மீதேயாகும்.

இத்தொழிலுக்குள் நுழையும் வழி பரீட்சை மட்டுமன்று. இங்கிலாந்தில் 1729ஆம் ஆண்டுச் சட்டம், சொலிசிற்றராக விரும்புவோர் ஐந்தாண்டுக் காலம் ஒருவரிடம் ஒப்பந்தப் பயிலுநராக இருத்தல் வேண்டுமென விதித்தது. 1794இல் அவ்வொப்பந்தத்தின்மீது நூறு பவுண் முத்திரைத் தீர்வையும் சுமத்தப்பட்டது. கற்பதற்கு முன்னரே பணம் கட்ட இயலாதவன் வாயிலிலேயே நிறுத்தப்பட்டான். இலங்கையில் 1874இல் சட்டக் கல்விப் பேரவை தோன்றி, விரிவுரையும் பரீட்சையும் ஒழுங்குபெற்ற பின்னரும், பிரக்கிராசியாவதற்கு ஒருவர் மற்றொருவரின் அலுவலகத்திற் பயில வேண்டியிருந்தது. பரீட்சைத்தாளில் மாணவன் எண்ணாக நிற்கிறான். பயிற்சியிடம் தேடும்பொழுதோ இன்னாருடைய மகனாக நிற்கிறான். எந்தப் பாடசாலை, எந்தக் குடும்பம், எவருடைய அறிமுகக் கடிதம் என்னும் வினாக்கள் அங்கே எழுகின்றன. மத்திய மலைநாட்டின் தோட்டத் தமிழர் இத்தொழிலுக்குள் வந்த வரலாற்றை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

கொழும்பின் பெரும் சட்ட நிறுவனங்களுக்கும் மலைநாட்டுக்கும் உள்ள தொடர்பு தற்செயலானதன்று. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணி பற்றிய உடன்படிக்கைகள் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டுமென்றது. அதே ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமோ உரித்து நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவாகக் கொண்டது. ஒரு சட்டம் காணியை முடியிடம் சேர்த்தது. மற்றது அக்காணி கைமாறும் ஒவ்வொரு தடவையும் உறுதி எழுதுவோர்க்குத் தொழில் கொடுத்தது. கோப்பிப் பித்தேறிய அந்தக் காலத்திலேயே, 1841இல், எவ். ஜே. அன்ட் ஜி. டி சேரம் நிறுவனம் தோன்றியது. 1861இல் கூட்டுப்பங்குக் கம்பனிச் சட்டம் வந்தது. 1869இற் கோப்பி இலைநோய் காணப்பட்டது. 1884இல் ஓரியன்ரல் வங்கி முறிந்தது. இடையில் 1879இல் ஜூலியஸ் அன்ட் கிறீசி நிறுவப்பட்டது. கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்தபொழுது முறிந்த தோட்டங்களை விற்கவும், புதிய கம்பனிகளைப் பதியவும், ஈடுகளை எழுதவும் சட்டம் அறிந்தோர் தேவைப்பட்டனர். வர்த்தகச் சட்டம் என இன்று நாம் வழங்குவதன் பெரும்பகுதி இந்நாட்டில் தோட்ட உறுதிகளின் மடியிலேயே வளர்ந்தது எனலாம்.

அந்த உறுதிகளிலே காணியின் நான்கெல்லை உண்டு. தொழிற்சாலையும் இயந்திரமும் உண்டு. லயத்தில் வாழ்ந்தவன் மட்டும் வேறொரு தாளில் இடம்பெற்றான். அது துண்டு. இவ்வளவு கடனைக் கொடுத்தால் இத்தொழிலாளரை விடுவிப்பேன் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். தொழிலாளியின் கடனே அவனுடைய விலையாயிற்று. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் குடியியற் பிழையன்று, குற்றம். எனவே மலையகத் தொழிலாளி நீதிமன்றத்தைப் பெரும்பாலும் குற்றவாளிக் கூண்டிலிருந்தே பார்த்தான். சட்டம் என்பது துரையிடமும் பொலிசிடமும் இருக்கும் பொருள் என அவன் எண்ணியிருந்தால், அவ்வெண்ணத்துக்கு அனுபவமே ஆதாரம்.

இச்சூழலிலிருந்து எழுந்தவர் பெரி. சுந்தரம். மலைநாட்டிற் கங்காணிக் குடும்பத்திற் பிறந்த அவர், கண்டித் திரித்துவக் கல்லூரியிலும் பின்னர் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் பயின்று பாரிஸ்டரானார். லயத்துப் பிள்ளைக்கு அன்று இந்தப் பாதை திறந்திருக்கவில்லை. பெரிய கங்காணியின் தலைக்காசும் பென்ஸ் காசும் இல்லாமல் கண்டிக் கல்லூரிக் கட்டணமும் கப்பற் பயணமும் கைகூடியிரா. கங்காணி முறையைக் கண்டித்து எழுதுவோர் இம்முரணைச் சற்று வசதியாக மறந்துவிடுவதுண்டு. தொழிலாளரின் கடனிலே தழைத்த ஒரு வகுப்பிலிருந்தே அக்கடனை ஒழிக்க வாதாடியவரும் வந்தார்.

1919இற் சேர் பொன்னம்பலம் அருணாசலம் தலைவராக இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கம் அமைந்தபொழுது அதன் செயலாளராகப் பணியாற்றியவர் சுந்தரம். வேலையை விட்டு நீங்குவோர்க்குச் சிறை என்னும் விதியையும் துண்டு முறையையும் எதிர்த்து அவர்கள் செய்த கிளர்ச்சி வீண்போகவில்லை. 1921இல் இவை நீக்கப்பட்டன. டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இல் நடைபெற்ற முதலாவது அரசாங்க சபைத் தேர்தலில் ஹட்டன் தொகுதியிற் போட்டியின்றித் தெரிவான அவர், தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டமும் 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமும் அவருடைய அமைச்சுக் காலத்துக்குரியன. 1936இல் ஹட்டன் தொகுதி கோ. நடேசையரைத் தெரிவு செய்தது. பாரிஸ்டருக்குப் பின் பத்திரிகையாளர்! வாக்காளர் விரும்பிய குரல் மாறிவிட்டதை இது காட்டுகின்றது.

தோட்டத்திலும் பயிலுநர் இருந்தனர் என்பதை இவ்விடத்திற் குறிப்பிடுதல் பொருந்தும். தோட்டம் நடத்தக் கற்க வந்த ஐரோப்பிய இளைஞரைக் கிறீப்பர் என்றழைத்தனர். துரையின் பங்களாவில் தங்கி, தொழில் கற்று, சின்னத்துரையாகிப் பின் பெரியதுரையாவது அவர்களுடைய வழி. 1936இல் மடுல்கலைப் பகுதியின் ரெலூகஸ் தோட்டத்துக்கு இவ்வாறு வந்தவரே மார்க் அந்தனி பிறேஸ்கேர்டில். தொழிலாளர் பக்கம் சாய்ந்து சமசமாஜிகளோடு சேர்ந்த அவரை 1937இல் தேசாதிபதி நாடுகடத்தக் கட்டளையிட்டார். எச். வி. பெரேரா அவருக்காகத் தோன்றினார். கட்டளை சட்டத்துக்கு மாறானதென உயர் நீதிமன்றம் தீர்த்து அவரை விடுவித்தது. தோட்டப் பிரச்சினையொன்றினால் எழுந்த இப்பெரும் வழக்கில் வென்றவர் வெள்ளையர். வாதாடியவர் கொழும்பின் புகழ்பெற்ற அப்புக்காத்து. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் பொலிசார் சுட்டுக் கோவிந்தன் என்னும் தொழிலாளி இறந்தபொழுதும், விசாரணை ஆணைக்குழுவின் முன் அவர் மனைவியின் சார்பில் தோன்றியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. இவர்களுடைய தொண்டு பெரிது. எனினும் மலையகத்தவர் சட்டத்தில் எப்பொழுதும் கட்சிக்காரராகவே நின்றனர் என்பதையும் காணாதிருத்தல் இயலாது.

நேவ்ஸ்மியர் தோட்ட வழக்கு இதற்கு இன்னொரு சான்று. கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் வாங்கிய அத்தோட்டத்தை விட்டு நீங்க மறுத்த தொழிலாளர்மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. செல்வநாயகம் என்பவரின் பெயரால் அறியப்படும் அவ்வழக்கு 1950இற் பிரிவி கவுன்சில் வரை சென்றது. தனக்கு உரிமையுண்டென நேர்மையாக நம்பி இருப்பவனுடைய முதன்மை நோக்கம் பிறரைத் தொந்தரவு செய்வதாக இல்லாதவிடத்து, அவன் இருப்பதனாற் பிறர்க்குத் தொந்தரவு உண்டாகுமென்பது மட்டும் அதைக் குற்றமாக்காது என்பது அங்கே வகுக்கப்பட்ட நெறி. இன்றும் சட்ட மாணவர் இந்நெறியைக் கற்கின்றனர். அது லயத்து வாசலிலிருந்து வந்தது என்பதை அறிந்து கற்போர் எத்தனை பேர்?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. ஆனால் அவ்வாயில் ஒரு விண்ணப்பப் படிவத்தின் அளவினதே. 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன், திருமணமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் தொடர்ச்சியாக வதிந்தமையை நிறுவ வேண்டும். பிறப்புப் பதிவும் செக்குறோலும் தேடிச் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். முதலிற் சட்டத்தைப் பகிஷ்கரித்த இலங்கை இந்தியர் காங்கிரஸ் பின்னர் மனம் மாறியமையால், 1951 ஆகஸ்டில் முடிவுற்ற தவணையின் கடைக்கூற்றில் விண்ணப்பங்கள் குவிந்தன. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரை உள்ளடக்கிய சுமார் 237,000 விண்ணப்பங்களில், இறுதியாகக் குடியுரிமை பெற்றோர் சுமார் 134,000 பேரே. ஒரு சமூகம் முழுவதும் ஒரே காலத்தில் விண்ணப்பதாரராயிற்று. வழக்கறிஞர் அருகியிருந்த மலைகளில், ஒரு திகதியின் முரண்பாடு குடும்பமொன்றின் உரிமையை அழிக்கக்கூடும் என்னும் பாடத்தை மக்கள் நிராகரிப்புக் கடிதங்களிலிருந்து கற்றனர்.

இச்சட்டங்களின் வலிமையைச் சோதித்த வழக்கு கோடகன் பிள்ளை எதிர் முதநாயக்க. றுவான்வெல்ல வாக்காளர் இடாப்பிற் பெயர் சேர்க்கக் கோரியதிலிருந்து எழுந்த இவ்வழக்கில், சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையோர்க்கு அளித்த காப்பு முன்வைக்கப்பட்டது. குடியுரிமையை வரையறுப்பது நாடொன்றின் இயல்பான அதிகாரமே என்றும், சட்டம் ஒரு சமூகத்தைக் குறித்து எழுந்ததன்று என்றும் 1953இற் பிரிவி கவுன்சில் கூறியது. சட்டத்தின் சொற்களை மட்டும் நோக்கின் அது சரி. யாரை அச்சொற்கள் வெளியே நிறுத்தின என்று நோக்கினோர்க்கு அத்தீர்ப்பு ஆறுதல் தரவில்லை. 1947இல் ஏழு உறுப்பினரை அனுப்பிய காங்கிரஸ் 1952இல் ஒருவரையும் அனுப்ப இயலவில்லை. சட்டமியற்றும் இடத்திற் குரலற்ற சமூகம் சட்டத்தொழிலிலும் ஆளற்றிருந்தது.

மலையகத்தின் முதற் சட்டப் பயிற்சிக்களம் வேறோரிடத்தில் அமைந்தது. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குச் சட்டமும், 1957ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் ஏற்பட்ட தொழில் நியாய சபைகளும் தொழிற்சங்க அலுவலர் தொழிலாளிக்காகத் தோன்ற இடமளித்தன. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் சங்கக் காரியாலயத்து மாவட்டப் பிரதிநிதி, அங்கியின்றி, பட்டமின்றி, சாட்சியை விசாரிக்கவும் எழுத்துச் சமர்ப்பணம் தயாரிக்கவும் கற்றார். வேலைநீக்கம், சேவைக்காலப் பணம், லயத்திலிருந்து வெளியேற்றல் ஆகியன அவருடைய பாடங்கள். கொழும்பு நிறுவனத்தின் பயிலுநர் ஈட்டுறுதி எழுதக் கற்ற அதே ஆண்டுகளில், இவர் அவ்வீட்டுறுதிக்குரிய தோட்டத்தின் மறுபக்கத்தைக் கற்றுக்கொண்டிருந்தார். இம்மனிதரின் வரலாறு இன்னும் முறையாக எழுதப்படவில்லை.

கல்வி தாமதித்தே வந்தது. தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புடன் நின்றன. அவற்றை அரசாங்கம் பெருமளவிற் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலிருந்துதான். ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரி போன்ற சிலவே உயர்கல்விக்கு வழிகாட்டின. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1947இல் தொடங்கிய சட்டத்துறை சில காலம் பேராதனையில் இருந்தது. தேயிலைச் சரிவுகளின் அடிவாரத்தில் சட்டம் போதிக்கப்பட்டும், அச்சரிவுகளிலிருந்து இறங்கி வந்து கற்றோர் மிகச் சிலரே.

1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டம் அப்புக்காத்து, பிரக்கிராசி என்னும் பிரிவை ஒழித்தது. 1974 முதல் அனைவரும் சட்டத்தரணிகளாயினர். பழைய சொற்கள் மறைந்தன; பழைய வாயில் மறையவில்லை. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளைத் தமிழிலே எழுதித் தேறிய மாணவரும் அனுபவமிக்க சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதம் தொழிற்பயிற்சி பெறல் வேண்டும். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயின்றால் காணி, பராமரிப்பு, குற்ற வழக்குகளில் தேர்ச்சி கிடைக்கும். கம்பனிச் சட்டமும் வங்கிச் சட்டமும் கப்பற் சட்டமும் கற்க விரும்பினால் கொழும்புக்கே செல்ல வேண்டும். அங்கே அறை வாடகை உண்டு. ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பமும் நேர்முகமும் உண்டு. தந்தையின் தொழில் என்ன என்னும் வினா கேட்கப்படாவிடினும் விலாசம் அதற்கு விடை கூறிவிடும். 2020இன் இறுதியில் வெளியான விதியொன்று சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த முனைந்தது. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அவ்விதியைத் தோற்கடித்தது. ஆங்கிலமின்றி வர்த்தகச் சட்டத்திற் பயன் இல்லை என வாதித்தோரின் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் கற்பிக்கப்படாத மொழியைப் பரீட்சையிற் கேட்பது, 1794ஆம் ஆண்டின் முத்திரைத் தீர்வையை வேறு நாணயத்தில் அறவிடுவதற்கு ஒப்பாகும்.

தோட்டங்களும் இதனிடையே கைமாறின. 1975இல் ஸ்ரேலிங் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. குத்தகை, பங்கு, ஈடு என்று கொழும்பு அலுவலகங்களுக்கு மீண்டும் தோட்ட வேலை வந்தது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவென வர்த்தமானி வெளியானதும், கம்பனிகள் அதை எதிர்த்து மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றன. இடைக்காலத் தடையை நீதிமன்றம் வழங்கவில்லை. அத்தகைய வழக்கொன்றின் கோவையை அடுக்கி, பக்கங்களுக்கு இலக்கமிட்டு, சத்தியக்கடதாசியின் பிரதிகளை எடுப்பது பயிலுநரின் வேலை. பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ வந்த ஒருவர் அந்த மேசையில் அமர்ந்தால், எதிர்மனுதாரர் பக்கத்தில் நிற்பது தன் தாயின் பெயர்ச்சீட்டுத்தான் என்பதை அறிந்தே அவர் இலக்கமிட வேண்டியிருக்கும்.