த்ராட்டில் பாடி நிஜமாவே போச்சா? மாற்றச் சம்மதிக்கும் முன் பார்க்க வேண்டிய எண்கள்

சிக்னலில் நிற்கிறீர்கள். ஏசி ஓடுகிறது. ஆர்பிஎம் முள் 800-லிருந்து 500-க்கு இறங்குகிறது, வண்டி உதறுகிறது, ஆஃப் ஆகிறது. பின்னால் ஹாரன். மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. ரெண்டு நாள் கழித்து அதே கதை. சர்வீஸுக்கு விட்டால் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் வருகிறது: "த்ராட்டில் பாடி அசெம்ப்ளி மாத்தணும் சார்."

எலெக்ட்ரானிக் த்ராட்டில் பாடி என்றால் பெரும்பாலும் பல ஆயிரம் ரூபாய் செலவு. ஆனால் இதே அறிகுறி, சில நூறு ரூபாய் கிளீனர் ஸ்பிரேயில் போய்விடும் அழுக்காலும் வரும். எலி கடித்த வயராலும் வரும். எது என்று கண்டுபிடிக்க நீங்கள் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. காரே எண்களாகச் சொல்லிவிடும், கேட்கத் தெரிந்தால் போதும்.

அது என்ன பாகம்?

ஏர் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ஒரு குழாய், அதற்குள் திரும்பும் ஒரு வட்டத் தகடு. அவ்வளவுதான் த்ராட்டில் பாடி. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பெட்ரோல் கூடுகிறது என்று நாம் நினைக்கிறோம். பெட்ரோல் காரில் நாம் கூட்டுவது காற்றை. உள்ளே போகும் காற்றைக் கணக்குப் பார்த்து, அதற்கேற்ற பெட்ரோலை விடுவது இன்ஜினின் கணினியான இசியு.

பழைய கார்களில் பெடலையும் இந்தத் தகட்டையும் ஒரு கேபிள் இணைத்தது. இன்றைய கார்களில் கேபிள் இல்லை. பெடலில் உள்ள சென்சார் இசியுவுக்குச் சொல்ல, இசியு ஒரு சின்ன மோட்டாரை ஓட்டித் தகட்டைத் திருப்புகிறது. தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று அளக்க ஒன்றல்ல, ரெண்டு சென்சார். பல டிசைன்களில் ஒன்றின் வோல்டேஜ் ஏறும்போது மற்றதின் வோல்டேஜ் இறங்கும். ரெண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் இசியு ரெண்டையுமே நம்பாது. மோட்டாருக்குப் போகும் கரண்டை நிறுத்திவிடும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகட்டைக் கொஞ்சமே கொஞ்சம் திறந்த நிலையில் கொண்டுவந்து வைக்கும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்ந்துதான் போகும். இதற்குப் பெயர் லிம்ப் மோட்.

டீசல் காரில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது டீசலின் அளவு. அங்கே த்ராட்டில் வால்வு இருந்தாலும் அதன் வேலை வேறு. எனவே இங்கே சொல்வது பெட்ரோல் கார்களுக்கு.

ஃபில்டர் இருக்கே, அப்புறம் அழுக்கு எப்படி?

வெளியிலிருந்து வரும் தூசியை ஃபில்டர் பிடித்துவிடும். த்ராட்டிலில் படியும் கறுப்புப் பிசின் இன்ஜின் பக்கமிருந்து வருவது. பிஸ்டன் ஓரமாகக் கசியும் வாயுவும் ஆயில் ஆவியும் காற்றை மாசுபடுத்தாமல் இருக்க, பிசிவி என்ற வால்வு வழியாக அவற்றை மறுபடி இன்ஜினுக்கே அனுப்புகிறார்கள். அந்த ஆவி தகட்டின் ஓரத்தில் படிந்து கெட்டியாகிறது.

ஐடிலில் இன்ஜின் மூச்சு விடுவது அந்த ஓரத்து மெல்லிய இடைவெளி வழியாகத்தான். அது அடைபட அடைபட, இசியு தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் திறந்து சமாளிக்கிறது. மாதக்கணக்கில் நமக்குத் தெரியவே தெரியாது. சமாளிக்க முடியாத அளவுக்குப் போன பிறகுதான் சிக்னலில் வண்டி நிற்கும். அதுவும் ஏசி கம்ப்ரஸர் ஆன் ஆகும் நொடியில், அந்த பாரத்துக்கு வேண்டிய காற்று கிடைக்காமல்.

இது பாகம் கெட்டதல்ல, அழுக்கு. எஸ்டிமேட்டில் இந்த ரெண்டும் அடிக்கடி குழம்பிப்போகின்றன.

எண்களை எங்கே பார்ப்பது?

இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் ஓபிடி-2 விதி அமலில் இருக்கிறது. அதன்பின் வந்த கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடிப்பக்கத்தில் 16 பின் சாக்கெட் இருக்கும். புளூடூத் ஓபிடி அடாப்டர் ஒன்றை அதில் செருகி, போனில் ஒரு ஆப் போட்டால் காரின் நேரலைத் தகவல் உங்கள் கைக்கு வந்துவிடும். ரொம்ப மலிவான அடாப்டர்கள் சில கார்களோடு பேசாது, அது ஒரு தலைவலி.

முதலில் கோடு. செக் இன்ஜின் லைட் எரிந்தால் உள்ளே ஒரு எண் பதிவாகியிருக்கும். பி0506 என்றால் ஐடில் வேகம் இருக்க வேண்டியதைவிடக் குறைவு. இது வந்தால் முதல் சந்தேகம் அழுக்கின் மேல். பி2135 என்றால் தகட்டின் ரெண்டு சென்சாரும் முரண்படுகின்றன. பி2111, பி2112 இரண்டும் தகடு திறந்த நிலையிலோ மூடிய நிலையிலோ சிக்கிக்கொண்டதைச் சொல்பவை. பி2138 வந்தால் கவனம்: அது பெடல் சென்சாரின் முரண்பாடு. அதற்காக த்ராட்டில் பாடியை மாற்றினால் பணம் போகும், பிரச்சினை அப்படியே இருக்கும்.

கோடு ஒரு முகவரிதான், தீர்ப்பு அல்ல. பி2135 சுட்டுவது பாகத்தை மட்டுமல்ல, அதிலிருந்து இசியு வரை போகும் வயரையும் கனெக்டரையும் சேர்த்துத்தான். கார் பார்க்கிங்கில் எலி இருக்கும் நாட்டில் இதை மறக்கவே கூடாது. இக்னிஷனை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், நேரலைத் தகவலில் த்ராட்டில் பொசிஷனைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கனெக்டர் பக்கத்து வயரை மெதுவாக அசைக்கட்டும். எண் துள்ளினால் கோளாறு வயரில் அல்லது கனெக்டரில். மெக்கானிக் மல்டிமீட்டரில் கனெக்டருக்கு 5 வோல்ட்டும் எர்த்தும் வருகிறதா என்று பார்ப்பது அடுத்த படி. இது ரெண்டும் சரியாக இருந்து, அப்போதும் சென்சார்கள் முரண்பட்டால்தான் பாகத்தின் மேல் பழி போடலாம். அந்தச் சென்சார்கள் பெரும்பாலும் தனியாகக் கிடைக்காது, முழு அசெம்ப்ளிதான்.

அடுத்தது ஆக்சிலரேட்டர் சோதனை. அதே நிலையில் பெடலை மெதுவாக மிதியுங்கள். பல கார்களில் பெடல் எண் ஏற ஏற, த்ராட்டில் எண்ணும் தடங்கலில்லாமல் கூடவே ஏறும். பெடல் ஏறுகிறது, த்ராட்டில் ஒரு இடத்தில் நிற்கிறது அல்லது குதிக்கிறது என்றால் மோட்டார், கியர், சென்சார் பக்கம் கோளாறு. பெடல் விட்ட பிறகும் த்ராட்டில் 0% காட்டவில்லையே என்று பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான கார்களிலும் 10-20% காட்டுவது சகஜம்.

இன்னொரு குற்றவாளியும் உண்டு: த்ராட்டிலுக்குப் பின்னால் எங்காவது ரப்பர் ஹோஸ் வெடித்துக் கணக்கில் வராத காற்று உள்ளே போவது. ஃபியூல் டிரிம் என்ற எண் ஐடிலில் பிளஸ் பக்கம் ரொம்ப ஏறி, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் இந்த லீக்கைத்தான் முதலில் தேட வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் விதவிதமான பொய்க் கோடுகள் வரும்.

ஹைவேயில் லிம்ப் மோட் வந்தால்?

ஹசார்ட் லைட் போட்டு இடப்பக்கம் ஒதுங்கி நிறுத்துங்கள். ஆஃப் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சில நேரம் சரியாகிவிடும். ஆனால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, அடுத்து லாரிக்கு முன்னால் வரலாம். கோடை அழிப்பதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள். கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பதிவு இருக்கும். கோளாறு வந்த நொடியின் வேகம், ஆர்பிஎம், இன்ஜின் சூடு எல்லாம் அதில் இருக்கும்.

அரிதாக, வேகம் குறையாமல் மாட்டிக்கொண்டால்: பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள், நியூட்ரலுக்கு மாற்றுங்கள். சாவியை முழுதாகத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டீயரிங் லாக் ஆகும், எனவே வண்டி நின்ற பிறகே ஆஃப்.

சுத்தம் செய்தாலே போதும் என்றால்

த்ராட்டில் பாடிக்கென்றே விற்கும் கிளீனர் வேண்டும். சிலவற்றில் உள்ளே மெல்லிய கோட்டிங் இருக்கும், கடுமையான கார்புரேட்டர் கிளீனர் அதை உரித்துவிடும். ஸ்பிரேயை நேராக அடிக்காமல் துணியில் நனைத்துத் துடைப்பது நல்லது. முக்கியமாக, இக்னிஷன் ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளவே கூடாது. மோட்டார் விரலை நசுக்கும். ஆஃபில் இருந்தாலும் வலுக்கட்டாயமாகத் தள்ளினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கியர் உடையும். ஐநூறு ரூபாய் வேலை அங்கேதான் பல ஆயிரமாக மாறுகிறது.

சுத்தம் செய்ததும் ஐடில் திடீரென்று 1,200-க்கு ஏறினால் பதற வேண்டாம். அழுக்கை ஈடுகட்டத் தகட்டை அதிகம் திறந்து பழகிய இசியு இன்னும் பழைய கணக்கில் இருக்கிறது. ரீலேர்ன் செய்தால் இறங்கிவிடும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

வேலை கஷ்டமில்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஏர் டக்ட்டை எடுத்து, கனெக்டரைப் பிரித்தால் பெரும்பாலும் நாலு போல்ட். சில கார்களில் கூலன்ட் ஹோஸ் இரண்டு போகும், அதனால் இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். கேஸ்கெட் புதிதாகப் போட வேண்டும், பழையதைத் திரும்பப் போட்டால் காற்று கசிந்து அதே தொல்லை வேறு பெயரில் வரும். மேனிஃபோல்ட் பல கார்களில் பிளாஸ்டிக் என்பதால், கம்பெனி மேனுவலில் சொன்ன டார்க் அளவுக்கு மேல் முறுக்கக் கூடாது. பார்ட் நம்பரைச் சேசிஸ் நம்பர் கொடுத்துப் பொருத்திப் பார்ப்பது அவசியம். ஒரே மாடலிலேயே பிஎஸ்-4, பிஎஸ்-6 பாகங்கள் மாறலாம்.

எல்லோரும் கோட்டைவிடுவது கடைசிப் படியில். புதிய தகடு எங்கே மூடுகிறது, எங்கே முழுதாகத் திறக்கிறது என்று இசியுவுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். சில கார்களில் இக்னிஷனை ஆன் செய்து காத்திருந்தாலே போதும், சிலவற்றுக்கு ஸ்கேனர் கட்டாயம். "புது பார்ட் போட்டும் சரியாகல" என்ற புகாரில் இந்தப் படி விடுபட்டிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

வெளி கராஜில் செய்யலாமா?

வாரன்ட்டி இருக்கும் காரில் கை வைக்காதீர்கள், டீலரிடமே விடுங்கள். வாரன்ட்டி முடிந்திருந்தால் தாராளமாகச் செய்யலாம். உதிரி பாகமும் ஸ்கேனர் போன்ற கருவிகளும் வெளி கராஜ்களுக்குக் கிடைக்காமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமை இணையதளத்தில் கார்களும் ஒரு பிரிவு.

எஸ்டிமேட்டுக்கு ஓகே சொல்லும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: என்ன கோடு வந்தது, வயரையும் கனெக்டரையும் செக் செய்தீர்களா, கழற்றிய பழைய பாகத்தை என்னிடம் தருவீர்களா. பதிலை வாட்ஸ்அப்பிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் தகராறு வந்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கும்போது அந்த சாட் உங்களுக்கு ஆதாரமாக இருக்கும்.