செம்பனை நோயைப் புரதம் காட்டிக்கொடுக்குமா? பொது ஆய்வுக்கூடம் ஏன் தேவை?

ஜொகூரில் குளுவாங்கைத் தாண்டி காஹாங் பக்கம் போயிருக்கீங்களா? சாலையின் இருபுறமும் செம்பனைதான். அந்த மரங்களுக்குப் பெரிய எதிரி கெனோடெர்மா என்ற பூஞ்சை. அது அடித்தண்டை உள்ளிருந்தே அழுக வைக்கும். ஓலையில் அறிகுறி தெரிவதற்குள் அடித்தண்டின் பாதி பெரும்பாலும் போயிருக்கும். அதற்குப் பிறகு மரத்தைக் குணப்படுத்த வழியில்லை.

அப்போ, முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா? அதற்காக ஆய்வாளர்கள் தேடும் தடயங்களில் ஒன்றுதான் புரதம்.

மரபணு மட்டும் போதாதா?

மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் தலைமையிலான குழு, செம்பனையின் மரபணுத் தொகுப்பை 2013-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. அதில் சுமார் 34,800 மரபணுக்கள். ஆனா, வேரிலும் ஓலையிலும் இருப்பது அதே தொகுப்புதான். நோய் வந்தாலும் அது மாறாது. மாறுவது புரதங்களின் அளவு. நோய் தாக்கும்போது சில கூடும், சில குறையும்.

எப்படி அளக்கிறாங்க?

1990-களில் ஜெல் தகட்டில் புரதங்களைப் புள்ளிகளாகப் பிரித்துப் பார்ப்பதே முக்கிய வழி. இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் செய்கிறது. புரதத்தைச் சிதைக்காமல் எடைபோட வழிகாட்டிய ஜான் ஃபென், கோய்ச்சி தனாகா இருவரும் 2002-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள்.

ஏன் பொது ஆய்வுக்கூடம்?

கருவியின் விலை பல லட்சம் ரிங்கிட். பராமரிப்பும் தேர்ந்த பணியாளர்களும் தனிச் செலவு. ஒவ்வொரு துறையும் தனித்தனியாக வாங்கினால் கட்டுப்படியாகாது. அதனால் ஒரே இடத்தில் வைத்து, கட்டணத்துக்குப் பலரின் மாதிரிகளையும் ஆராய்கிறார்கள். சிட்னியின் மெக்குவாரி பல்கலைக்கழகத்தில் 1995-இல் உருவான ஆஸ்திரேலியப் புரோட்டியோம் பகுப்பாய்வு மையம் இதில் முன்னோடி. நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் புரோட்டியோமிக்ஸ் ஆய்வு மையம் உண்டு.

கருவி இருந்தால் போதுமா?

போதாது. வேரையோ ஓலையையோ வெட்டியதுமே புரதம் சிதையத் தொடங்கிவிடும். உடனே உறைய வைக்க வேண்டும். செம்பனைத் திசுவில் உள்ள பினாலிக் பொருள்களையும் நீக்க வேண்டும். தோட்டத்தில் இந்த வேலை பிசகினால், ஆய்வுக்கூடத்தில் எத்தனை நவீன கருவி இருந்தும் பயனில்லை.

பத்து மரங்களில் தெரிந்த மாற்றம், வேறு மண்ணில், வேறு வயது மரங்களிலும் தெரிகிறதா என்றும் சோதிக்க வேண்டும். அதைத் தாண்டினால்தான் தோட்டத்திலேயே பயன்படுத்தும் எளிய பரிசோதனை கிடைக்கும்.

அறிவியல் படிக்கிறீங்களா? மாதிரி எடுப்பவர், கருவியை இயக்குபவர், தரவை அலசுபவர் என மூன்று பேருக்கும் இங்கே வேலை இருக்கு.